உங்கள் கார்டு எங்கே ஊர் சுற்றுகிறது, தம்பி?

வாசகர் கேள்வி

வணக்கம் அக்கா. ஊர் மூதூர். திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கோணேசபுரிக்குப் பக்கத்தில் மூன்று பேராக ஒரு அறை, ஆளுக்கு 8,000 ரூபாய். எங்கள் பொருளாதார ஆராய்ச்சி முழுக்க ரோல்ஸில்தான் நடக்கிறது. விலை ஏறினால் ரோல்ஸ் சின்னதாகிறது. விலைவாசி குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னாலும் அது பெரிதாவதில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் "மிச்சம் பிறகு தாறன்" என்பார். அந்த மிச்சங்களைச் சேர்த்திருந்தால் இந்நேரம் ஒரு கொத்துக்குக் காணும். உப்புவெளியில் தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் கடற்காற்றுக்கும் சேர்த்துக் காசு எடுக்கிறார்கள். நான் ஓடர் பண்ணாத பார்சல் ஒன்று தபாலில் சிக்கியிருப்பதாகக் கிழமைக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வேறு.

எங்கள் தலைவர் (பெயர் வேண்டாம், சண்டை வரும்) ஒரு முதலீட்டு அப் பற்றிப் பேசும் வீடியோ ரசிகர் குழுவில் வந்தது. வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அப்படியும் இரண்டு பேர் காசு போட்டார்கள். பட ரிலீசுக்கு பனர் அடிக்க ஆளுக்கு 500 சேர்த்தோம். வந்த பனரில் தலைவரைவிடக் காசு சேர்த்த அண்ணாவின் படம்தான் பெரிது.

அந்த அண்ணா நல்லவர். எனக்கு மாதம் 10,000 வருகிற ஒரு வேலையும் பிடித்துத் தந்தார். வேலை என்று ஒன்றுமில்லை. புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்து கார்ட், பின் நம்பர், ஒன்லைன் பாஸ்வேர்ட் மூன்றையும் அவரிடம் கொடுத்தால் சரி. கொம்பனிக்கு ஏதோ வரிப் பிரச்சினையாம், அதனால் பெடியங்களின் கணக்கு வழியாகச் சம்பளம் கொடுக்கிறார்களாம். அறையில் இருக்கும் இன்னொருவனும் கொடுத்திருக்கிறான். எஸ்.எம்.எஸ். மட்டும் என் போனுக்கு வருகிறது. குருநாகல், நீர்கொழும்பு, கண்டி என்று என் கார்ட் ஊர் சுற்றுகிறது. நான் நிலாவெளி வீதியைத் தாண்டவில்லை. இதில் ஏதும் சிக்கல் இருக்கா அக்கா, நான் சும்மா பயப்படுகிறேனா?

பதில்

சிக்கல் இருக்கிறது தம்பி. ரோல்ஸையும் பனரையும் பிறகு பார்ப்போம். இதை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், உங்கள் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து அந்தக் கார்டையும் ஒன்லைன் வங்கிச் சேவையையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இலக்கம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். கார்ட் உங்கள் கையில் இல்லாததால் வங்கியின் சொந்த இணையத்தளத்தில் பாருங்கள். முகநூலில் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு இருக்கும் எல்லாப் பக்கமும் வங்கியினுடையது அல்ல.

அண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சொன்னால், "ரெண்டு நாள் பொறு, கார்டைக் கொண்டுவந்து தாறன்" என்பார். அந்த இரண்டு நாளில் யார் யாருடைய காசு உங்கள் பெயரில் வந்து போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் முறைப்பாடுகளைப் பார்ப்பது என் வேலை. ஆகவே இந்தக் கதையின் மற்றப் பக்கத்தில் இருப்பவர்களை நான் நேரிலே சந்திக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவர்கள் ஒருவர்கூட இல்லை. உங்களுக்கு அவர்களைத் தெரிய வந்திருக்காது. தெரிந்திருந்தால் கார்டைக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு தாய் கவுண்டரில் வந்து நின்றார். தையல் வேலை செய்பவர். டெலிகிராமில் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையாகவே கணக்குக்கு வந்தது. பிறகு "பெரிய டாஸ்க்" என்று 5,000 கட்டச் சொன்னார்கள். கட்டினார், கூடுதலாகத் திரும்பி வந்தது. அடுத்தது 20,000, அதற்கடுத்தது நகையை அடகு வைத்த காசு. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் அவருடைய பெயருக்கு நேரே மூன்று இலட்சத்துக்கு மேல் இருப்பு. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தத் தொகையை எடுக்க முதலில் 45,000 வரி கட்ட வேண்டும். "இந்த 45ஐயும் கட்டினா முழுக்க வந்திடும்தானே பிள்ளை?" என்று கேட்டார். அந்த மூன்று இலட்சம் எங்குமே இல்லை, அது திரையில் எழுதிய ஒரு எண் மட்டும்தான் என்று அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

அவர் காசு அனுப்பிய இலக்கங்கள் எந்த வெளிநாட்டு வங்கியினதும் அல்ல. எல்லாம் இலங்கை வங்கிக் கணக்குகள். ஒவ்வொன்றிலும் நம் நாட்டு ஆள் ஒருவரின் பெயர், அடையாள அட்டை, கையொப்பம். அப்படியான ஒரு கணக்கைத்தான் நீங்கள் மாதம் 10,000க்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் கணக்கின் கூற்றை (ஸ்டேட்மென்ட்) மேசையில் விரித்தால் வங்கியில் இருக்கும் எவருக்கும் உடனே விளங்கும். காலை 10.12க்கு 45,000 வரவு. 10.16க்கு 44,900 வெளியே. 11.03க்கு 20,000 வரவு, 11.05க்கு அதுவும் வெளியே. சம்பளக் கணக்கு இப்படி நடக்காது. சம்பளம் வந்தால் கடைக்குப் போகும், ரீலோட்டுக்குப் போகும், கொஞ்சமாவது கணக்கில் கிடக்கும். இங்கே காசுக்கு நிற்க நேரமில்லை. ஒன்லைனில் அனுப்பும் காசு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நிமிடக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஏமாந்தவர் கிளைக்கு ஓடிவரும் நேரம் அது மூன்றாவது, நான்காவது கணக்கைத் தாண்டியிருக்கும். அல்லது குருநாகலில் ஒருவர் ஏ.ரி.எம்.இல் எடுத்துக்கொண்டு போயிருப்பார். உங்களுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.கள் அதைத்தான் சொல்கின்றன.

வரிப் பிரச்சினை என்ற கதையையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். சம்பளம் கொடுக்க விரும்பும் கொம்பனி வேலை செய்பவரின் கணக்கில் நேராகப் போடும். அதற்கு மூதூர்ப் பெடியன் ஒருவனின் பின் நம்பர் எதற்கு? தன் பெயர் எங்குமே பதியக் கூடாது என்று நினைப்பவருக்குத்தான் அது தேவை.

ஏமாந்தவர் பொலிசுக்குப் போனால் அவர் கையில் இருப்பது அண்ணாவின் பெயர் அல்ல, உங்கள் கணக்கிலக்கம். பொலிஸ் நீதிமன்றக் கட்டளை பெற்று வங்கியிடம் விபரம் கேட்கும்போது வெளியே வருவதும் உங்கள் பெயரும் உங்கள் முகவரியும்தான். குற்றத்தால் வந்த காசு என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ அதைக் கைமாற்ற உதவுவது 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். சிறைத்தண்டனை 5 வருடத்தில் தொடங்கி 20 வருடம்வரை போகலாம். அதே ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சந்தேகமான கொடுக்கல்வாங்கலைக் கண்டால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிப்பது எங்கள் கடமை. உங்களைத் தனிப்பட்ட முறையில் தெரிந்த அதிகாரி என்றாலும் அதை அறிவிக்காமல் விட முடியாது. எனவே, "யாராவது கவனித்தால் அப்போது பார்க்கலாம்" என்று இருக்க வேண்டாம். ஏற்கெனவே யாரோ கவனித்துக்கொண்டிருக்கக் கூடும்.

இதைச் சொல்வது உங்களைக் கலங்கவைக்க அல்ல. நீங்களாக முன்வந்து சொல்வதற்கும், பொலிஸ் தேடி வந்த பிறகு சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வாய்ப்பு இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிறது.

கார்டை நிறுத்தியதும் கணக்குத் திறந்த கிளைக்கு நேரில் போங்கள். நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள்: எந்தத் திகதியில் கணக்குத் திறந்தீர்கள், யார் கேட்டார், எதை எதைக் கொடுத்தீர்கள், கைக்கு எவ்வளவு வந்தது. பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குக் கூற்றையும் கேட்டு எடுங்கள். கணக்கில் காசு ஏதும் மிஞ்சியிருந்தால் அதைத் தொட வேண்டாம். எடுத்து அண்ணாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அது அவருடைய காசே இல்லை. நீங்களே உங்கள் கையால் எடுத்துக் கொடுத்ததாகத்தான் பதிவாகும்.

வட்ஸ்அப்பில் நடந்த பேச்சு எதையும் அழிக்காதீர்கள். வெட்கமாக இருக்கும், பயமாக இருக்கும், அழித்துவிடக் கை போகும். ஆனால் வேலை என்று சொல்லித்தான் கேட்டார் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். குரல் பதிவுகளையும் எஸ்.எம்.எஸ்.களையும் சேர்த்து இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். அண்ணா குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் அவருடைய இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொலிஸ். அதற்குமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நான் வங்கியாள், வாக்குமூலத்தில் எதை எப்படிச் சொல்வது என்று வழிகாட்டுவது சட்டம் படித்தவரின் வேலை. காசில்லை என்று நின்றுவிட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் நிலையம் உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுகிறார்கள். வளாகத்தில் உங்களுக்கு நம்பிக்கையான விரிவுரையாளர் ஒருவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், கூட வருவார்.

வீட்டுக்கும் சொல்லுங்கள். அம்மா அழுவார், வாப்பாவோ அப்பாவோ ஏசுவார். அந்த ஏச்சை வாங்கிக்கொள்ளலாம் தம்பி. பொலிஸ் ஜீப் வாசலில் நின்று அவர்களுக்குத் தெரியவந்தால் அதைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

கைக்கு வந்த 10,000 பெரும்பாலும் செலவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை மறைக்காமல் வாக்குமூலத்தில் சொல்லுங்கள். அண்ணா கோபப்பட்டு மிரட்டினால், மிரட்டும் செய்தியும் ஒரு சாட்சி. பதில் எழுதாமல் வைத்திருந்து பொலிசில் காட்டுங்கள். அறைத்தோழனை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் தப்பிக்க வேண்டாம், அவரையும் இன்றே கூப்பிடுங்கள்.

அந்த அண்ணா அடுத்து என்ன கொண்டுவருவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை, டிக்கட் அவர்கள் செலவு, சம்பளம் டொலரில். அப்படி நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடிப் பக்கத்தில் முகாம்களில் அடைபட்டு, அங்கிருந்து மற்றவர்களை ஏமாற்றும் வேலைக்கு வற்புறுத்தப்பட்டார்கள். அரசாங்கம் பேச்சுவார்த்தை நடத்தித்தான் பலரை மீட்டு வந்தது. வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்காமல் கடவுச்சீட்டை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். அவற்றைப் பகிடியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவை பகிடியாகப் படவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த உயரத்துக்கு ஏறிய விலைகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு இறங்கவில்லை, பின்னால் ஏறும் வேகம்தான் குறைந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. மஹாபொல மாணவர் உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயில் நின்று, 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆகக் கூடியது. உங்கள் அறை வாடகை 8,000. வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும் உதவித்தொகையோடு படிக்கும் பிள்ளையிடம் ஒருவர் வந்து, "சும்மா ஒரு கார்டைத் தா, மாதம் 10,000 தாறன்" என்கிறார். அவர் ஏன் வளாகத்தைச் சுற்றி வருகிறார் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் தேவையை அளந்து பார்த்துத்தான் அந்தத் தொகையைச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் அவர்மேல்தான்.

தண்ணீர்ப் போத்தலுக்கு உச்ச சில்லறை விலை இருக்கிறது. 2025 ஏப்ரலில் 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. கடற்கரையோரக் கடை என்பதால் கூட்டி விற்க முடியாது. பற்றுச்சீட்டுக் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977. பஸ் மிச்சத்துக்கு என்னால் சொல்ல முடிந்தது, சில்லறையாகக் கொண்டுபோங்கள் என்பது மட்டும்தான்.

பார்சல் எஸ்.எம்.எஸ்.ஐத் திறக்கவே வேண்டாம். அஞ்சல் திணைக்களம் இது தங்களுடையது அல்ல என்று பலமுறை எச்சரித்துவிட்டது. அதில் இருக்கும் இணைப்பில் கார்ட் இலக்கத்தைப் போட்டு, பின்னால் வங்கியிலிருந்து போனுக்கு வரும் ஓ.ரி.பி.யையும் (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம்) போட்டால், அடுத்த நிமிடம் கணக்கு வெறுமையாகிவிடும். ஓ.ரி.பி. என்பது உங்கள் கையொப்பத்துக்குச் சமம். வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நாங்கள் கேட்பதே இல்லை.

தலைவரின் வீடியோவில் வாயும் குரலும் சேரவில்லை என்று கண்டுபிடித்தீர்களே, அது நல்ல கண். ஆனால் நாளைக்கு வரும் வீடியோவில் இரண்டும் சரியாகவே சேர்ந்திருக்கும், அதற்கான தொழில்நுட்பம் அப்படி வளர்கிறது. ஆகவே முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், காசு எங்கே போகிறது என்று பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும், தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் (புதிதாகச் சேருபவரின் காசில் முந்திச் சேர்ந்தவருக்குக் கொடுப்பவை) என்று பெயர் குறிப்பிட்ட பட்டியலும் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் தேடலாம். ஒன்மெக்ஸ் டிடி, எம்.ரி.எஃப்.ஈ. போன்றவை அந்த இரண்டாவது பட்டியலில் வந்தவை. 2023 ஓகஸ்ட்டில் எம்.ரி.எஃப்.ஈ. விழுந்தபோது, காசு போட்டவர்களின் அப்பில் இருப்பு மைனஸ் தொகையாக மாறி, மேலும் காசு கட்டச் சொன்னது. பிரமிட் திட்டத்தை நடத்துவதும் ஆள் சேர்த்து அதைப் பரப்புவதும் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் குற்றம். காசு போட்ட அந்த இரண்டு நண்பர்களும் நட்டத்தை ஈடுகட்ட இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கப் பார்ப்பார்கள், அதைத் தடுங்கள். திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். தொலைபேசியில் என்றால் 1935.

ரசிகர் குழுவை விட்டு விலகச் சொல்லி நான் சொல்லவில்லை. படம் பார்த்துச் சத்தம் போடுகிற வயது, போடுங்கள். ஆனால் ஒரே நடிகரைப் பிடிக்கும் என்பதற்காக ஒருவரை நம்பிப் பின் நம்பர் கொடுக்க முடியாது. பனருக்கு 500 வாங்குபவர் கணக்குக் காட்ட வேண்டும். குழுவில் யாராவது கச்சேரி டிக்கட் விற்றாலும், ஏற்பாட்டாளர் அறிவித்த இடத்தில் மட்டும் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பும் டிக்கட்டின் கியூ.ஆர். படத்தை அவர் இன்னும் நாற்பது பேருக்கு விற்றிருக்கலாம்.

மாதம் 10,000 இல்லாமல் எப்படி என்பது உண்மையான கேள்வி. வளாகத்தின் மாணவர் நலன் பிரிவில் உங்கள் வீட்டு நிலைமையை எழுத்தில் கொடுத்திருக்கிறீர்களா? வருமானம் மாறியிருந்தால் புதுப்பித்துக் கொடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வரும் காலம், மாலை நேர வேலைக்கு ஆள் தேடுவார்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாலும் இந்தக் காசு வரும். அலைச்சல் இருக்கும், கால் வலிக்கும். யாருடைய அடகு நகையும் அதில் இருக்காது.

கிளைக்குப் போகும்போது அடையாள அட்டை, வளாக அடையாள அட்டை, கணக்குத் திறந்த நேரத்தில் தந்த தாள்கள், எஸ்.எம்.எஸ். இருக்கும் அதே போன் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. கவுண்டரில் நிற்பவரிடம் முழுக்கதையையும் சொல்லத் தேவையில்லை. மோசடி சம்பந்தமாக முகாமையாளரைப் பார்க்க வேண்டும் என்றால் போதும். போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த படியையும் சேர்ந்து பார்ப்போம்.